கவனிப்புக் குழு

ஒரு திங்கட்கிழமை காலை பிளம்பரின் காலுக்குச் செருப்பு ஏறவில்லை. சனிக்கிழமை வரை ஒழுங்காக ஏறிய செருப்பு. வாரைத் தளர்த்திப் பார்த்தார், ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுப் பார்த்தார். பாதம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"செருப்பு சுருங்கிடுச்சு" என்றார் மனைவியிடம்.

அவள் தபால் நிலையத்தில் பதினெட்டு வருடமாகக் கடிதங்களைப் பிரித்துப் போடுகிறவள். எது எங்கே இடம் மாறிக் கிடக்கிறது என்பது அவள் கண்ணுக்கு உடனே தட்டுப்படும். கணவரின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செருப்பு சுருங்கினா கண்ணு ஏங்க வீங்கணும்?" என்றாள்.

அன்றே இருவரும் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார்கள். அதன் சிறுநீரகத் துறை மிகவும் புகழ்பெற்றது. அந்தச் செய்தியை வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். உள்ளே, வார்டுச் சுவரில், துறையின் மூன்று தூண்களைப் பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள்: சிகிச்சை, பயிற்சி, ஆராய்ச்சி. பழைய ஆய்வேடுகளை வைக்க இடமில்லாமல் ஒரு பீரோவைக் கொண்டுவந்து முதல் தூணுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே, 'ச்சை, பயிற்சி, ஆராய்ச்சி' என்றுதான் படிக்க முடிந்தது.

பிளம்பரைப் படுக்க வைத்து, முதுகில் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் முடிவு வந்தது. அன்று ரவுண்ட்ஸ். துறைத் தலைவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அதற்கும் பின்னால் பயிற்சி மருத்துவர்கள். கடைசியில் வருகிறவர்களுக்கு நோயாளி தெரிய மாட்டார், முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும். மூன்று வருடம் இப்படிப் பயின்று வெளியே போகிறவர்கள் பிடரியைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடுவார்கள்.

தலைவர் அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அருமை!" என்றார்.

பிளம்பருக்கு உயிர் வந்தது. "அப்ப சரியாயிடுமா சார்?"

"ஆகாது" என்றார் தலைவர், அதே மகிழ்ச்சியோடு. "லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது இது. நான் இதுவரைக்கும் படத்துலதான் பார்த்திருக்கேன். எல்லாரும் வாங்க, கால அமுக்கிப் பாருங்க."

பதினேழு பேர் வரிசையில் வந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கினார்கள். குழி விழுந்தது. "குழி விழுது சார்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். முதல் ஆள் போட்ட குழி நிரம்புவதற்குள் ஐந்தாவது ஆள் அதே குழியில் அமுக்கி, "ரொம்ப ஆழமா விழுது சார்" என்று தனியாகப் பாராட்டு வாங்கினார்.

"என்னப்பா வேலை பார்க்கற?" என்று கேட்டார் தலைவர்.

"பிளம்பர் சார்."

"அப்ப உனக்குப் புரிய வைக்கறது சுலபம். உன் கிட்னி ஒரு பைப்புன்னு வச்சுக்க. அது அடைச்சுக்கிச்சு."

பிளம்பர் கொஞ்சம் யோசித்தார். இருபத்தைந்து வருட வேலை அவரைச் சும்மா இருக்க விடவில்லை. "அடைச்சுக்கிட்டா தண்ணி பின்னாடி ஏறும் சார். எனக்கு ஒண்ணுக்கு நல்லாத்தான் போகுது. நுரைதான் நுரையா வருது. இது அடைப்பு மாதிரி தெரியல. வடிகட்டி கிழிஞ்ச மாதிரி இருக்கு."

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்பது பின்வரிசையில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவருக்கு மட்டும் உறைத்தது. வார்டில் எல்லாரும் அவளை 'ரெண்டாம் வருஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் இருந்த பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? எவ்வளவு எளிமையா சொன்னாலும் நோயாளிகளுக்குப் புரியாது. குறிச்சுக்குங்க."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர். நோயாளியைக் கண்டதும் எத்தனை விநாடி சிரிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அத்தனை விநாடி சிரித்தார். இந்த அரிய நோய்க்காகவே துறை ஓர் ஆய்வு நடத்துகிறது என்றும், ஊர் ஊராக ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறது என்றும், மொத்தம் இருபத்துநான்கு மாதம் என்றும் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்து போடுங்க."

"நாப்பத்தியொரு பக்கம் இருக்கே சார்."

"யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா படிங்கன்னு நான் சொல்லணும். சொல்லிட்டேன்." சொன்னதற்கு அடையாளமாக ஒரு கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டார்.

மனைவி வாங்கிப் படித்தாள். நாற்பத்தொரு பக்கத்தையும் ஒன்றரை மணி நேரம் படித்தாள். ஒருங்கிணைப்பாளரின் பத்து வருட அனுபவத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"ரெண்டு குழுன்னு போட்டிருக்கு. ஒரு குழுவுக்குப் புது மருந்து. இவர் எந்தக் குழு?"

"அதைக் கம்ப்யூட்டர்தாம்மா முடிவு பண்ணும்." அவர் கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டினார். "ஆங், ரெண்டாவது. கவனிப்புக் குழு."

அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "கவனிப்புன்னா நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது. மாசாமாசம் கூப்பிட்டுக் கவனிப்போம்."

"கவனிச்சு?"

"எழுதி வச்சுக்குவோம்."

"எழுதி?"

"அடுத்த மாசம் மறுபடி கவனிப்போம்."

"மருந்து?"

ஒருங்கிணைப்பாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். "மருந்து குடுத்துட்டா அப்புறம் கவனிக்கறதுக்கு என்னம்மா இருக்கும்?"

கையெழுத்து போடாவிட்டால் வெளிநோயாளிகள் வரிசை. அந்த வரிசையில் பெயர் கூப்பிட ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். பிளம்பர் கையெழுத்து போட்டார்.

அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. மாதாமாதம் கூப்பிட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், எழுதிக்கொண்டார்கள். பிளம்பரால் முதலில் மாடித் தொட்டிக்கு ஏற முடியாமல் போனது. பிறகு ஏணியில் நிற்க முடியவில்லை. பிறகு குழாய் ரென்ச்சை முறுக்கினால் மூச்சு வாங்கியது. பன்னிரண்டாம் மாதம் ஒருங்கிணைப்பாளர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க கிட்னியோட கோடு பாருங்க. என்ன அழகா இறங்குது!"

"இறங்கறது நல்லதா சார்?"

"நேரா இறங்குது பாருங்க. மத்தவங்களுக்கெல்லாம் கோணல் மாணலா இறங்கும்."

பதினான்காம் மாதம் கோடு அடியைத் தொட்டது. டயாலிசிஸ் தொடங்கினார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகித் திரும்பி வரும். மெஷினுக்குப் பின்னால் போகும் தண்ணீர்க் குழாயின் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் படுத்த வாக்கில் அதைக் கைக்கு எட்டிய வரை இறுக்கிவிட்டார். நோயாளி சாதனங்களைத் தொடக் கூடாது என்று அவருடைய கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள்.

இதற்கிடையில் பயிற்சி மருத்துவர்களின் இறுதித் தேர்வு வந்தது. தேர்வுக்கு நிஜமான ஒரு நோயாளி வேண்டும். கால் வீங்கியிருக்க வேண்டும், நுரையீரலில் நீர் கோத்துக் கொரகொரவென்று கேட்க வேண்டும், கேஸ் அரிதாகவும் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தியவர் ஒருவர்தான் இருந்தார்.

சனிக்கிழமை டயாலிசிஸுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு படுத்தவரிடம் ரெண்டாம் வருஷம் வந்து நின்றாள். இப்போது அவள் மூன்றாம் வருடம் முடிக்கப்போகிறாள், ஆனாலும் பெயர் மாறவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

"ஏம்மா, மெஷின் ரிப்பேரா?"

"இல்ல. இன்னைக்குப் பண்ணினா வீக்கம் வடிஞ்சுடும். தேர்வு திங்கக்கிழமை."

"வியாழக்கிழமை பண்ணினதும்மா. திங்கக்கிழமைன்னா நாலு நாள் ஆயிடுமே?"

"தண்ணி அதிகமா குடிக்காதீங்க" என்றாள் அவள். சற்று நின்று, "ரொம்பவும் குறைச்சுடாதீங்க" என்று சேர்த்துச் சொன்னாள். அதையும் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பிளம்பரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே இரவைக் கழித்திருந்தார். தேர்வு அறையில் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். எட்டு மாணவர்கள். ஒவ்வொருவரும் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள், காலை அமுக்கினார்கள், கதையைக் கேட்டார்கள். அவர் மூச்சுக்கு மூன்று சொல்லாகச் சொன்னார். பதற்றத்தில் ஒரு மாணவன் நோயின் பெயரையே மறந்துவிட்டபோது அவரே எடுத்துக் கொடுத்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைக் கவனித்து, "நோயாளி பேசக் கூடாது" என்றார்.

ரெண்டாம் வருஷத்தின் முறை வந்தது.

"இந்த நோயாளிக்கு இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"டயாலிசிஸ் செய்யணும் சார்."

"எப்ப?"

"உடனே."

"உடனேன்னா?"

அவள் பிளம்பரின் உதட்டைப் பார்த்தாள். அது நீலம் பாரித்திருந்தது. "இந்த நிமிஷமே சார். தாமதிச்சா உயிருக்கு ஆபத்து."

"மிகச் சரி" என்றார் தேர்வாளர், மதிப்பெண் போட்டுக்கொண்டே. "நீங்க போகலாம். அடுத்த மாணவர்."

எட்டுப் பேரும் சரியான பதிலைச் சொன்னார்கள். எட்டுப் பேரும் தேறினார்கள். மாலை நாலரை மணிக்கு அவரை மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, தலைவர் கூடவே சிறிது தூரம் நடந்து வந்து தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லா ஒத்துழைச்சப்பா. தேர்வாளர் உன்னைத்தான் பாராட்டிட்டுப் போனார்."

வேலை முடிந்து வந்த மனைவி அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். யாரிடமும் சண்டை போடவில்லை. நேராகத் துறை அலுவலகத்துக்குப் போய், "என்னோட கிட்னி ஒண்ணை எடுத்து அவருக்கு வைங்க" என்றாள்.

சோதித்தார்கள். ரத்த வகை பொருந்தியது, மற்றவையும் பொருந்தின. ஒரு மாதத்தில் அறுவை செய்துவிடலாம் என்று சோதனைக்கூடத்தில் சொன்னார்கள். தானம் செய்பவர் மனமுவந்துதான் செய்கிறாரா என்று குழு ஒன்று விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. குழுவில் ஐந்து பேர். நீள மேசையின் ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் அவள்.

"கணவர் மேல உங்களுக்கு உள்ள அன்பை ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்றார் குழுத் தலைவர்.

"இன்னைக்கா, பொதுவாவா?"

ஐவரும் படிவத்தைப் புரட்டினார்கள். "அந்தப் பிரிவு இதுல இல்லம்மா."

"அப்ப ஏழு போட்டுக்குங்க."

மேசையின் அந்தப் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. மனநல மருத்துவர் முன்னால் சாய்ந்தார். "மூணு ஏன் குறையுது?"

"குறட்டை விடுவார், அதுக்கு ஒண்ணு. ஊருல உள்ள குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணுவார், எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் நாலு வருஷமா ஒழுகுது. அதுக்கு ரெண்டு."

"கிட்னியைக் குடுத்தப்புறம் வருத்தப்படுவீங்களா?"

"குழாயைச் சரிபண்ணிட்டார்னா வருத்தப்பட மாட்டேன்."

அவர்கள் தாழ்ந்த குரலில் கலந்து பேசினார்கள். குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்துன்னு சொல்றவங்க உணர்ச்சிவசப்பட்டுக் குடுக்கறாங்கன்னு அர்த்தம், அவங்களைத் திருப்பி அனுப்பிடுவோம். ஆறுக்குக் கீழன்னா யாரோ கட்டாயப்படுத்தறாங்கன்னு அர்த்தம். எட்டு, ஒன்பதை ஏத்துக்கலாம். ஏழு எங்களுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. இதை ஆராய ஒரு துணைக்குழு போடறோம்."

"நான் வேணும்னா எட்டுன்னு மாத்திக்கறேன் சார்."

"மாத்தினா மனசு நிலையா இல்லைன்னு ஆயிடும்."

துணைக்குழு ஏழை ஆராய்ந்தது. நான்கு மாதம் ஆராய்ந்தது. அவள் வாரம் ஒரு முறை போய்க் கேட்டாள். கடிதம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கடிதமும் அனுப்பப்படவில்லை என்பது அவளைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் படிக்கட்டில் ரெண்டாம் வருஷத்தை மடக்கினாள். "உண்மையைச் சொல்லும்மா. ஏழுல என்ன பிரச்சினை?"

ரெண்டாம் வருஷம் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டாள். தேறியபின் அதே துறையில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். "ஏழு பிரச்சினை இல்லம்மா. இருபத்துநாலுதான் பிரச்சினை. கவனிப்புக் குழுவுல இருபது பேராவது இருபத்துநாலு மாசம் முடிக்கணும். பத்தொன்பது பேர் முடிச்சுட்டாங்க. மிச்சம் உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். இப்ப மாத்துக் கிட்னி வச்சா அவர் விலகினதா ஆயிடும்."

"மொத்தமே இருபது பேர்தான் சேர்த்தீங்களா?"

"ஐம்பது பேர்."

"மத்த முப்பது பேரு?"

"விலகிட்டாங்க."

"அவங்களை விட்டீங்க. இவரை மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க?"

"அவங்க எங்களைக் கேட்டுட்டு விலகலம்மா" என்றாள் ரெண்டாம் வருஷம், தரையைப் பார்த்துக்கொண்டு.

மனைவிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு துறைத் தலைவரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள்.

தலைவர் கோபப்படவில்லை. அவளை உட்கார வைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, நிதானமாக விளக்கினார். "நான் தடுக்கறதா நினைக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள்தானே கேக்கறேன். இருபத்துநாலு மாசத்துல இருபத்திரண்டு போயிடுச்சு. உங்க கணவர் சாதாரண ஆள் இல்லம்மா, இந்த ஆய்வோட கடைசிச் செங்கல். உருவினா கட்டடமே விழுந்துடும். நானும் மனுஷன்தான், எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா விஞ்ஞானத்துக்கு முன்னாடி நான் சொந்த உணர்ச்சிக்கு இடம் குடுக்கறதில்ல. உங்க உணர்ச்சிக்கும் குடுக்கறதில்ல. அதுதான் நேர்மை. இப்ப அறுவை பண்ணினா ஒரே ஒரு மனுஷன் பிழைப்பான். ஆனா கட்டுரை வந்தா..."

"வந்தா எத்தனை பேர் பிழைப்பாங்க சார்?"

தலைவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. உள்ளபடியே யோசித்தார். "அதை வச்சு இன்னொரு கட்டுரை எழுதலாம்" என்றார்.

அவள் விலகல் படிவம் கேட்டாள். ஆய்வின் முதன்மை ஆய்வாளர் கையெழுத்திட்டால்தான் படிவம் கிடைக்கும். முதன்மை ஆய்வாளர் தலைவர்தான்.

நிலைமையைத் தலைகீழாக்கியது விரைவுத் தபாலில் வந்த ஒரு கடிதம். மாற்று அறுவைப் பயிற்சிக்குத் துறை தகுதியானதுதானா என்று பார்க்க மதிப்பீட்டாளர்கள் மூவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். அந்த வருடம் துறையில் ஒரு மாற்று அறுவைகூட நடக்கவில்லை. துணைக்குழு அன்று மாலையே கூடி, ஏழு மிக நல்ல எண் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஒருங்கிணைப்பாளர் பதறிக்கொண்டு தலைவரிடம் ஓடினார். "சார், ஆய்வு? அவருக்கு இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கே!"

"விதிமுறையைப் படிச்சுப் பாருங்க" என்றார் தலைவர். "மாத்துக் கிட்னி வச்சா விலகல்னு எங்கயாவது போட்டிருக்கா? 'டயாலிசிஸ் தேவைப்படாத நிலையை அடைந்தால் விலகல்'னுதான் போட்டிருக்கு. மெஷின்ல இருக்கற வரைக்கும் அவர் ஆய்வுலதான் இருக்கார்."

ஒருங்கிணைப்பாளர் படித்துப் பார்த்தார். அப்படித்தான் போட்டிருந்தது. விநாடிக் கணக்கு பார்க்காமல் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு மனைவியின் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். குறை சொல்ல முடியாத சிறுநீரகம். எஃகுக் கிண்ணத்தில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்தார்கள். அடுத்த மேசையில் பிளம்பர் மயக்கத்தில், வயிறு திறந்து, காத்திருந்தார். பொருத்தும் காட்சியை மதிப்பீட்டாளர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மதிப்பீட்டாளர்கள் கருத்தரங்கக் கூடத்தில் இருந்தார்கள். அங்கே தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

அறுவை மருத்துவர் மூன்று முறை ஆள் அனுப்பினார். போனவர்கள் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். "ஐயா இன்னும் முடிக்கல" என்றார்கள். ஐயாவின் உரைக்குத் தலைப்பு, 'உடலுக்கு வெளியே சிறுநீரகம்: ஒவ்வொரு நிமிடமும் உயிர்'. எழுபத்தாறு படங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத் தாமதத்துக்கும் எத்தனை செல்கள் சாகின்றன என்பதை அவர் வரைபடத்தோடு விளக்கியபோது மதிப்பீட்டாளர்களில் ஒருவர் கண் கலங்கினார். பிறகு நினைவுப் பரிசுகள். பிறகு சாப்பாடு.

கிண்ணத்தில் பனிக்கட்டியை இரண்டு முறை மாற்றினார்கள். ஒன்றே முக்கால் மணிக்கு விருந்தினர்கள் கைகழுவிவிட்டு வந்து நின்றார்கள். சாம்பல் நிறத்தில் கிடந்த சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாய்ந்து அது இளஞ்சிவப்பாக மாறியபோது கைதட்டினார்கள். அறிக்கையில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் புறப்பட்டார்கள்.

சிறுநீர் வரவில்லை. முதல் நாள் இல்லை, மூன்றாம் நாள் இல்லை. "தூங்குது" என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய பை காலியாகவே இருந்தது. டயாலிசிஸ் தொடர்ந்தது. ஐந்தாம் நாள் மனைவி விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னோடதையும் வாங்கி வீணாக்கிட்டேன்" என்றார் பிளம்பர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களா வீணாக்கினீங்க? பேசாம இருங்க. இருபது வருஷமா காலையில அலாரம் வச்சு எழுப்பின கிட்னி அது. ஒரு வாரம் தூங்கட்டும், விடுங்க."

ஒன்பதாம் நாள் காலை அவள் பையைப் பார்த்தாள். அடியில் விரல் உயரத்துக்கு மஞ்சளாக ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "ஏங்க!" என்றாள். பிளம்பர் பார்த்தார். அப்புறம் இருவரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. வாழ்நாளெல்லாம் சொட்டுவதை நிறுத்திச் சம்பாதித்த மனிதர் ஒவ்வொரு சொட்டுக்கும் தலையாட்டினார். மறுநாள் தொள்ளாயிரம் மில்லி போனது. அவள் அதைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொன்னாள்.

ரவுண்ட்ஸ் வந்தது. தலைவர் பையைப் பார்த்தார். அவருடைய முகம் விழுந்தது.

"எவ்வளவு நாள் பாக்கி?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார்.

"பதிமூணு நாள் சார்."

தலைவர் பிளம்பரின் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தார். "கிட்னி இப்பத்தான் கண் முழிச்சிருக்குப்பா. பச்சைக் குழந்தை மாதிரி. உடனே வேலை வாங்கக் கூடாது. ரெண்டு வாரம் மெஷினே வேலை செய்யட்டும், இது ஓய்வெடுக்கட்டும்."

பிளம்பருக்கு ஏதோ இடித்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. புது பம்பு ஓட ஆரம்பிச்சுட்டா பழைய பம்பை நிறுத்திடுவோம். ரெண்டும் சேர்ந்து இழுத்தா லைன்ல தண்ணி வத்திடும். வத்தின லைன்ல புது பம்பு ஓடினா காஞ்சு கருகிடும் சார்."

"உடம்பு பம்பு இல்லப்பா" என்றார் தலைவர், வருத்தத்தோடு. பிறகு மாணவர்களைப் பார்த்தார். "பாதி அறிவு எவ்வளவு ஆபத்துன்னு பாருங்க."

ரெண்டாம் வருஷம் பேனாவைத் திறந்தாள், மூடினாள். அவளுடைய வேலைக்கான உத்தரவு அந்த வாரம்தான் கையெழுத்தாக வேண்டியிருந்தது.

மெஷின் வாரத்துக்கு மூன்று முறை அவருடைய உடம்பிலிருந்து நீரை இழுத்தது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் சரிந்தது. கண் இருட்டியது, காலைத் தூக்கிப் பிடித்தார்கள், மறுபடி இழுத்தார்கள். பையில் அறுநூறு வந்தது. பிறகு இருநூற்று ஐம்பது. பிறகு நாற்பது. அந்த ரவுண்ட்ஸிலிருந்து பன்னிரண்டாம் நாள் மனைவி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அவள் இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை.

பதிமூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் வந்து பிளம்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்துநான்கு மாதம் பூர்த்தி. "வாழ்த்துகள், நீங்க முடிச்சுட்டீங்க" என்றார். தலைவரும் வந்தார். இனிமேல் டயாலிசிஸை நிறுத்திவிட்டுப் புதுச் சிறுநீரகத்தைத் தாராளமாக வேலை செய்ய விடலாம் என்றார். நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டே நாளில் மூச்சு முட்டியது. சிறுநீரகம் கருகிவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. "துரதிருஷ்டம்" என்றார் தலைவர். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. பிளம்பர் உள்ளே மெஷினில் கிடக்க, மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டாம் வருஷம் இப்போது அங்கே உதவிப் பேராசிரியர். கட்டுரை வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று இந்த அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், அவளே ஒரு பிரதியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினான்கு ஆசிரியர்களில் அவள் பெயர் கடைசி.

"படிச்சுச் சொல்லும்மா."

"'கவனிப்புக் குழுவில் இருந்தவர்களின் சிறுநீரகங்கள் படிப்படியாகச் செயலிழந்தன. இதற்கான காரணத்தை அறிய மேலும் ஆய்வு தேவை.'"

"மருந்து குடுத்தவங்களுக்கு?"

"பாதிப் பேருக்கு மேல டயாலிசிஸே தேவைப்படலம்மா."

"என்னோட கிட்னியைப் பத்தி எழுதியிருக்கா?"

ரெண்டாம் வருஷம் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள். அடிக்குறிப்பு, பொடி எழுத்து. "'ஒரு நோயாளிக்கு ஆய்வின் இறுதிக்கட்டத்தில் ஒரு சிறு தலையீடு செய்யப்பட்டது. ஆய்வின் முடிவுகளை அது எவ்விதத்திலும் பாதிக்கவில்லை.'"

"அந்தச் சிறு தலையீடுதானா?"

"ஆமாம்மா. அது உங்களோடதுதான்."

"என் பேரு?"

"போடக் கூடாதும்மா. ரகசியத்தைக் காப்பாத்தணும்னு விதி இருக்கு."

"யாரோட ரகசியத்தை?" என்று கேட்டாள் அவள்.

உள்ளே மெஷின் கூவத் தொடங்கியது. ரத்த அழுத்தம் சரிந்தால் அப்படித்தான் கூவும். உதவிப் பேராசிரியர் பதில் சொல்ல வேண்டியிராத நிம்மதியோடு எழுந்து ஓடினாள்.